வெண்டையும் ஈரலுருவும் – ஓர் ஒப்பு நோக்கு

முன்னுரை

மலரைப் பாடாத தமிழ்ப் புலவர் இலர் என்று கூறின் அது மிகையன்று. அரும்பு, மொட்டு, முகை, போது, மலர், அலர், வீ, செம்மல் எனப் பூ ஒன்று தோன்றுவது முதல் வாடி உதிர்வது வரை அதன் பருவம் ஒவ்வொன்றிற்கும் தனித்தனிச் சொல்லைப் படைத்துக்கொண்ட மொழி தமிழ். கபிலர் தம் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது மலர்களின் பெயர்களை ஒருசேரத் தொகுத்தளித்தார். தொல்காப்பியரோ, புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும் அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் மரபியலில் பகுத்துக் காட்டினார். இன்றைய தாவரவியலார் ஒருவித்திலை, இருவித்திலை எனக் காணும் பாகுபாட்டை இது பெரிதும் ஒத்திருத்தல் கண்டு வியவாதார் இலர். இப்பெருமைகளை வகுப்பில் எடுத்துரைக்கும்போதெல்லாம் நம் குரல் சற்றே உயர்ந்துவிடுவது வழக்கம்.

அவ்வாறு குரல் உயர்ந்திருந்த ஒரு நாளில்தான் இக்கட்டுரைக்கு வித்திட்ட நிகழ்ச்சி நடந்தது. அறிவியல் மாணவர்களுக்குப் பகுதி ஒன்று தமிழ் நடத்திக்கொண்டிருந்தோம். தாவரவியல் மாணவர் ஒருவர், கொடைக்கானலுக்குச் சென்ற கல்விச் சுற்றுலாவிலிருந்து, நனைந்த நாளிதழ்த் தாளில் பொதிந்து எதையோ கொண்டுவந்திருந்தார். பிரித்துக் காட்டினார். விரல் அகலத்தில், கவடு கவடாகப் பிரிந்து, ஈரமண்ணோடு ஒட்டியிருந்த பச்சை நிறத் தகடு அது. “ஐயா, பூவுக்கு இத்தனை பெயர் சொன்னீர்கள். இதற்குத் தமிழில் என்ன பெயர்?” என்று கேட்டார்.

நாம் தயங்கவே இல்லை. “பாசி” என்றோம். அத்தோடு நில்லாமல், ஊரார் நீருண்ணும் துறையில் படர்ந்த பாசி, தொடுந்தோறும் விலகி விடுந்தோறும் பரவுவதுபோல், தலைவன் தொடும்போது நீங்கிப் பிரியும்போது பரவும் பசலையைக் கூறும் குறுந்தொகைப் பாடலையும் விளக்கினோம். மாணவர் பணிவோடு கேட்டுவிட்டு, “ஐயா, பாட்டில் வரும் பாசி தொட்டால் விலகுகிறது. இது விலகவில்லையே; மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறதே” என்றார். வகுப்பு நகைத்தது. நாமும் நகைத்து, பிறிதொரு நாள் பார்ப்போம் என்று கூறி அடுத்த பாடலுக்குச் சென்றுவிட்டோம். அப்பிறிதொரு நாள் அம்மாணவருக்கு வாய்க்கவில்லை. அன்று நாம் கூறியது பிழை. அவருக்கு நாம் தந்திருக்க வேண்டிய விடையை, தாவரவியல் துறை நண்பர்களிடம் கேட்டும் நூல்களில் பயின்றும் அறிந்த அளவில், இங்கு எழுத முற்படுகிறோம்.

பெயரும் பிழையும்

அம்மாணவர் கொண்டுவந்த செடி மார்க்கான்ஷியா என்னும் இனத்தைச் சேர்ந்தது. பிரெஞ்சு நாட்டுத் தாவரவியலாரான நிக்கோலா மார்ஷான் என்பாரின் நினைவாக அவருடைய மகனார் 1713-இல் இப்பெயரைச் சூட்டினார். நீலகிரி, பழனி மலைகளின் ஈரப்பாறைகளிலும் ஓடைக் கரைகளிலும் இதன் வகைகளைக் காணலாம். சமவெளியில் வாழும் நமக்கு, மழைக்காலத்தில் வயல் வரப்புகளில் சிறுசிறு பச்சை வட்டங்களாகப் படியும் ரிக்ஸியா என்பது இதன் உறவு. இத்தகைய செடிகள் உலகில் சுமார் 7,000 இனங்கள் உள்ளன. பூக்கும் தாவரங்களோ சுமார் 3 இலட்சம்.

இக்குழுவுக்கு ஆங்கிலேயர் இட்ட பெயரின் பொருள் ‘ஈரல் பூண்டு’ என்பதாம். அதன் வடிவம் ஈரலின் மடலை ஒத்திருந்தமையால், ஈரல் நோய்க்கு அதுவே மருந்து என்று பண்டை ஐரோப்பியர் நம்பினர். நம்பிக்கை பொய்த்தது; பெயர் மட்டும் நிலைத்தது. தமிழில் இதனை ‘ஈரலுரு’ எனலாம். உருவை மட்டும் சுட்டி, மருந்து என்னும் பழம்பிழையை விலக்கி நிற்பதால் இச்சொல் நமக்கு உவப்பாகிறது. பாசி என்பது பெரும்பாலும் நீரில் வாழ்வது. ஈரலுருவோ நிலத்தைப் பற்றிய செடி. இவ்வேற்றுமையைத்தான் அம்மாணவர் ‘மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது’ என்னும் எளிய சொற்களால் நமக்கு உணர்த்தினார்.

ஒப்பிடுதற்குரிய பூக்கும் செடியாக நாம் வெண்டையை எடுத்துக்கொள்கிறோம். அது நம் வீட்டுக் கொல்லையில் வளர்வது. அதன் காயை நறுக்காத அடுப்பங்கரை இல்லை.

நீரைத் தேடும் இரு வழிகள்

நிலத்தில் வாழும் செடி எதுவாயினும் அதன் முதற் கவலை நீரே. இக்கவலையை இவ்விரு செடிகளும் தீர்த்துக்கொள்ளும் முறைகள் முற்றிலும் வேறானவை.

வெண்டை வேர்விட்டு நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது. உறிஞ்சிய நீரைச் சைலம் என்னும் குழாய்த் தொகுதி மேலே கொண்டுசெல்கிறது; இலையில் சமைத்த உணவைப் புளோயம் என்னும் தொகுதி கீழே கொண்டுவருகிறது. சைலத்தின் சுவர்களில் லிக்னின் என்னும் கடினப் பொருள் படிவதால் தண்டு நிமிர்ந்து நிற்கிறது. இலையின் மேல் மெழுகு போன்ற படலம் உண்டு. அதன் அடிப்புறத்தில் மிகுதியாக அமைந்த இலைத்துளைகளைக் காவற்செல்கள் இரண்டிரண்டாக நின்று, வேண்டும்போது திறந்தும் வெயில் மிகும்போது மூடியும் காக்கின்றன.

ஈரலுருவுக்கு வேர் இல்லை; தண்டு இல்லை; மார்க்கான்ஷியாவில் உண்மையான இலையும் இல்லை. உடல் முழுவதும் ஒரே தகடு. இதனைத் தாலஸ் என்பர். அடிப்புறத்தில் ஒரே செல்லாலான வேரிகள் மண்ணைப் பற்றுகின்றன. குழாய்த் தொகுதி இன்மையால் உடல் முழுவதுமே நீரை ஏற்கிறது. தகட்டின் மேற்புறத்தை உருப்பெருக்கியின்கீழ் வைத்து நோக்கினால், வைர வடிவக் கட்டங்களையும் ஒவ்வொரு கட்டத்தின் நடுவே ஒரு காற்றுத்துளையையும் காணலாம். சிறு பீப்பாய் போன்ற இத்துளைக்கு இலைத்துளையைப்போல் மூடித் திறக்கும் காவல் கிடையாது.

எனவே வெண்டையைப்போல் நிமிர்ந்து வளர ஈரலுருவால் இயலாது. ஆயின் அதற்கென ஓர் ஆற்றல் உண்டு. வேரிழந்த வெண்டை ஒருநாள் வெயிலில் வாடி மடியும். ரிக்ஸியா போன்ற ஈரலுருக்களோ கோடையில் காய்ந்து சுருண்டு கிடந்து, மழை வந்ததும் மீண்டும் பசுமை பெறுகின்றன. வெண்டை நீரைத் தேடிச் செல்கிறது. ஈரலுரு நீர் வரும்வரை காத்திருக்கிறது.

ஈரலுருவின் இல்லறம்

இனி இவ்விரு செடிகளும் இனம் பெருக்கும் முறையை நோக்குவோம். ஒப்பீட்டின் உயிர்நாடி இதுவே.

மார்க்கான்ஷியாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பருவம் வந்ததும் இரண்டும் சிறுகாம்புகளை உயர்த்துகின்றன. ஆண் செடியின் காம்பின் நுனியில் மடல் மடலான ஒரு தட்டு. பெண் செடியின் காம்பின் நுனியில் விரல்களை விரித்த குடை போன்றதோர் அமைப்பு. முதன்முறை காண்பவர் இவற்றைப் பூ என்றே கருதுவர். ஆனால் இவற்றில் இதழில்லை, தேனில்லை, வண்டை அழைக்கும் மணமுமில்லை.

ஆண் தட்டில் தோன்றும் இனச்செல்கள் இரண்டு நுண்ணிய கசையிழைகளைக் கொண்டவை. அவை நீந்தித்தான் பெண் இனச்செல்லை அடைதல் வேண்டும். ஆகவே மழைத்துளியோ பனிநீரோ இல்லையேல் இவற்றின் கூடல் இல்லை. ஆண் தட்டின்மேல் விழும் மழைத்துளி சிதறும்போது அத்திவலைகளில் இனச்செல்கள் பெண் செடியை நோக்கிப் பயணம் செய்கின்றன. பெண் குடையின் அடியில் குப்பி வடிவ உறுப்பில் காத்திருக்கும் முட்டைச்செல்லோடு ஒன்று கூடுகிறது.

அவ்வாறு கருவுற்று உருவாகும் சேய், தாயைப் பிரிந்து தனிச் செடியாவதில்லை. தாயின் குடையின் கீழேயே தொங்கி நிற்கிறது. பாதம், சிறுகாம்பு, உறை என்னும் மூன்று பகுதிகளே அதன் உடல். பாதத்தைத் தாயின் உடலில் ஊன்றி உணவைப் பெறுகிறது. உறையினுள் ஸ்போர்கள் என்னும் நுண்வித்துக்கள் விளைகின்றன. அவற்றோடு எலேட்டர் எனப்படும் சுருள் இழைகளும் உள்ளன. உறை வெடித்தபின், காற்றின் ஈரம் மாறுந்தோறும் இவ்விழைகள் முறுக்கி அவிழ்ந்து ஸ்போர்களைச் சிதறுகின்றன. அத்துடன் சேயின் வாழ்வு முடிகிறது. மண்ணில் விழுந்த ஸ்போர் முளைத்து மீண்டும் பச்சைத் தகடாகிறது.

இதுவன்றித் தகட்டின் மேற்புறத்தில் சிறுகிண்ணங்களும் தோன்றும். அவற்றுள் ஜெம்மா எனப்படும் பச்சை வில்லைகள் கிடக்கும். மழைத்துளி கிண்ணத்தில் விழுந்து தெறிக்க, வில்லைகள் அப்பால் விழுந்து புதுச் செடிகளாகின்றன. இங்கே கூடலும் இல்லை, கருவும் இல்லை. தாயின் மறுபதிப்பே ஒவ்வொன்றும்.

வெண்டையின் இல்லறம்

வெண்டைப் பூ காலையில் விரிந்து அன்றைக்கே வாடுவது. மஞ்சள் இதழ்கள் ஐந்து. அடியில் கருஞ்சிவப்புப் பொட்டு. நடுவே மகரந்தத்தாள்கள் ஒரு குழாயாகக் கூடிச் சூல்தண்டைச் சூழ்ந்திருக்கும். மகரந்தத்தூள் சூல்முடியில் படிந்ததும் முளைத்து, நுண்குழாய் ஒன்றை உள்ளே செலுத்துகிறது. அக்குழாய் சூல்தண்டின் ஊடே இறங்கிச் சூலினை அடைகிறது. ஆண் இனச்செல்கள் இரண்டும் அக்குழாயின் வழியே செல்கின்றன. அவற்றுக்குக் கசையிழை இல்லை. நீந்த வேண்டிய தேவையும் இல்லை. மழை பெய்யாவிடினும் வெண்டை காய்க்கும் என்பதன் பொருள் இதுவே.

அவ்விரண்டு ஆண் இனச்செல்களுள் ஒன்று முட்டைச்செல்லோடு கூடிக் கருவாகிறது. மற்றொன்று கருப்பையின் நடுச்செல்லோடு கூடிக் கருவூண் என்னும் உணவுத் திசுவாகிறது. இவ்விரட்டைக் கருவுறுதலை நவாஷின் என்னும் ரஷ்ய அறிஞர் 1898-இல் அல்லிக் குடும்பச் செடிகளில் கண்டறிந்தார். நாம் பருகும் இளநீர், தென்னையின் நீர்வடிவக் கருவூணே என்பது ஈண்டு நினையத்தக்கது. குழந்தை பிறக்குமுன்பே அதற்குப் பால் சுரந்து வைக்கும் ஏற்பாடு எனலாம். பூக்கும் தாவரங்களின் கருவியலில் நம் நாட்டுப் பேராசிரியர் பஞ்சானன் மகேஸ்வரி 1950-இல் வெளியிட்ட நூல் உலகெங்கும் பயிலப்பட்டது.

வெண்டைக்காயை நறுக்கும்போது வரிசையாக உதிரும் வெண்ணிற விதை ஒவ்வொன்றும் முன்பு ஒரு சூல். ஒவ்வொன்றையும் நாடி ஒரு மகரந்தக் குழாய் இறங்கியிருக்கிறது. ஒரு காயில் அத்தனை பயணங்கள்!

தலைகீழ் உறவு

மேலோட்டமாக நோக்குவார்க்கு, ஒன்று பூப்பது, மற்றொன்று பூவாதது என்பதே இவ்விரண்டின் வேற்றுமை. உண்மையான வேற்றுமை ஆழமானது. அதனை 1851-இல் உலகுக்கு உணர்த்தியவர் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து வில்ஹெல்ம் ஹாஃப்மைஸ்டர். அவர் பல்கலைக்கழகத்தில் பயின்றவர் அல்லர். தந்தையாரின் இசைநூல் வணிகத்தில் பணியாற்றியவர். கடுமையான கிட்டப்பார்வை உடையவர். ஓய்வு நேரங்களில் உருப்பெருக்கியின் முன் அமர்ந்து இருபத்தேழாம் வயதில் அவர் வெளியிட்ட நூல், தாவரவியலின் போக்கையே மாற்றியது. பட்டம் பெறாத அவரை 1863-இல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்துக்கொண்டது.

அவர் கண்ட உண்மையை எளிமையாகக் கூறுவோம். நிலத்தாவரம் ஒவ்வொன்றின் வாழ்விலும் இரண்டு தலைமுறைகள் மாறி மாறி வருகின்றன. ஒன்று இனச்செல்களை ஈனும் தலைமுறை. அதன் செல்களில் குரோமோசோம்கள் ஒற்றைத் தொகுதியாக உள்ளன. மற்றொன்று ஸ்போர்களை ஈனும் தலைமுறை. அதன் செல்களில் அவை இரட்டைத் தொகுதியாக உள்ளன. முன்னதன் கூடலில் பின்னது பிறக்கிறது. பின்னதன் ஸ்போரிலிருந்து முன்னது பிறக்கிறது. குரோமோசோம் கணக்கு ஹாஃப்மைஸ்டருக்குப் பின்னர் வந்தவர்கள் கண்டது. தலைமுறைகளின் மாற்றம் அவர் கண்டது.

ஈரலுருவில் நம் கண்ணுக்குப் புலப்படும் பச்சைச் செடி, இனச்செல் ஈனும் தலைமுறை. ஸ்போர் ஈனும் தலைமுறை அதன் மடியில் தொங்கும் சிறு சேய். வெண்டையில் இது அப்படியே தலைகீழாகிறது. வேரும் தண்டும் இலையும் பூவுமாக நிற்கும் செடி முழுவதும் ஸ்போர் ஈனும் தலைமுறை. இனச்செல் ஈனும் தலைமுறை எங்கே? ஆண்பால் மகரந்தத்தூளுக்குள் மூன்றே செல்களாகச் சுருங்கிவிட்டது. பெண்பால் சூலின் கருப்பைக்குள் ஏழே செல்களாக ஒடுங்கிவிட்டது. ஈரலுருவில் வீட்டுத் தலைவியாக விளங்கும் தலைமுறை, வெண்டையில் உள்ளறைக்குள் ஒதுங்கி, பிறர் கண்ணில் படாமலே வாழ்ந்து மறைகிறது.

இம்மாற்றத்திற்குக் காரணமும் நீரே. நீந்திச் செல்லும் இனச்செல்லை ஈனும் தலைமுறை, நிலத்தின் ஈரத்தை விட்டு உயர இயலாது. ஸ்போரைக் காற்றில் தூவும் தலைமுறைக்கோ உயர்ந்து நிற்பதே நன்மை. ஆகவே இரண்டாம் தலைமுறை வளர்ந்தோங்கிய வழியில் மரங்கள் தோன்றின. இறுதியில் அது, நீரின்றி வாழ மாட்டாத முதல் தலைமுறையையும் தன் உடலுக்குள் பொதிந்து மேலே தூக்கிச் சென்றது. அப்பொதிவைச் சுற்றி அமைந்த ஏற்பாடே பூ.

வெண்டை விதை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டால் இவ்வுறவு விளங்கும். அதன் மேலுறை பாட்டியின் உடலிலிருந்து வந்தது. உள்ளிருக்கும் கரு பேத்தி. இடையே தாயின் தலைமுறை ஏழு செல்களாக வாழ்ந்து முடிந்துவிட்டது.

உயர்வும் தாழ்வும்

பாட நூல்கள் ஈரலுருவைத் ‘தாழ்நிலைத் தாவரம்’ என்றும் பூக்கும் செடியை ‘உயர்நிலைத் தாவரம்’ என்றும் குறிக்கும் வழக்கம் நெடுநாளாக உள்ளது. சொல்லாராய்ச்சி செய்யும் நமக்கு இச்சொற்கள் உறுத்துகின்றன. ஈரலுருவே மூத்தது, அதன் வழியில் படிப்படியாக வளர்ந்து வந்தது பூச்செடி என்னும் எண்ணம் இச்சொற்களில் பொதிந்துள்ளது.

நிலத்தாவரங்களின் ஸ்போர்ப் படிமங்கள் சுமார் 47 கோடி ஆண்டுகள் பழமையானவை. பூக்கும் தாவரங்களின் உறுதியான படிமங்களோ சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு உட்பட்டவை. ஆதலின் பூ பிந்தியது என்பது உண்மை. ஆனால், அண்மை ஆண்டுகளின் மரபணு ஒப்பீடுகளால், ஈரலுருக்கள், மாஸ்கள், கொம்புருக்கள் ஆகிய மூன்றும் ஒரு கிளை என்றும், குழாய்த் தொகுதி உடைய செடிகள் யாவும் மற்றொரு கிளை என்றும் கொள்ளும் கருத்து வலுப்பெற்றுள்ளது. இதன்படி ஈரலுரு வெண்டைக்குப் பாட்டி அன்று, பங்காளி. பொது மூதாதையிடமிருந்து ஒரே காலத்தில் பிரிந்த இரு வழிகள் இவை. மேலும், இலைத்துளைகள் அம்மூதாதையிடமே இருந்தன, ஈரலுருக்கள் பின்னர் அவற்றை இழந்தன என்றும் ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அவ்வாறாயின் அதன் எளிமை, வளராமையின் அடையாளம் ஆகாது.

உறவின் நெருக்கத்தைக் காட்டும் சான்று மற்றொன்றும் உண்டு. செடிக்குப் பசுமை தரும் பசுங்கணிகத்தின் டி.என்.ஏ. முழுவதும் முதன்முதலாக எழுத்தெண்ணிப் படிக்கப்பட்டது 1986-இல், ஜப்பான் நாட்டில். ஒரு குழுவினர் மார்க்கான்ஷியாவை எடுத்துக்கொண்டனர். மற்றொரு குழுவினர் பூக்கும் செடியாகிய புகையிலையை எடுத்துக்கொண்டனர். முன்னதில் சுமார் 1,21,000 எழுத்துக்கள். பின்னதில் சுமார் 1,56,000. நீளம் வேறாயினும் மரபணுக்களும் அவற்றின் வரிசையும் பெரும்பாலும் ஒத்திருந்தன. பின்னர் 2017-இல் மார்க்கான்ஷியாவின் மரபணுத் தொகுதி முழுவதும் வெளியிடப்பட்டது. செடியின் வளர்ச்சியை ஆளும் மரபணுக் குடும்பங்களுள் பல இரண்டிலும் உள்ளன. பூக்கும் செடியில் அவை பல படிகளாக உள்ளன. ஈரலுருவில் பெரும்பாலும் ஒன்றிரண்டு படிகளே. சிக்கலின்றி ஆராய்வதற்கு இது வசதியாதலின், இன்று பல நாட்டு ஆய்வுக்கூடங்களில் இச்சிறுசெடி விருப்போடு வளர்க்கப்படுகிறது.

நம் மண்ணிலும் இதனைப் போற்றியவர் உண்டு. லாகூரில் பேராசிரியராய் இருந்த சிவராம் காஷ்யப், மேற்கு இமயத்திலும் பஞ்சாபிலும் வளரும் ஈரலுருக்களைத் தேடித் திரட்டி, 1929-இலும் 1932-இலும் இரு பகுதிகளாக நூல் வெளியிட்டார். எவரும் மிதித்துச் செல்லும் செடிக்காக மலையேறிய அவரை இந்தியப் பிரையோபைட் ஆய்வின் தந்தை என்று போற்றுவர்.

முடிவுரை

ஒரே கேள்விக்கு இரண்டு விடைகள் என்று இவ்விரு செடிகளையும் கொள்ளலாம். நீரை விட்டு நிலத்தில் வாழ்வது எவ்வாறு என்பது கேள்வி. உயர்ந்து, பூத்து, விதைத்து வாழலாம் என்பது வெண்டையின் விடை. தாழ்ந்து, காத்திருந்து, மழையோடு வாழலாம் என்பது ஈரலுருவின் விடை. இரண்டும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் செல்லுபடியாகும் விடைகளே.

தமிழ் பயில்வார்க்கு இதில் ஒரு பாடம் உண்டு. நம் முன்னோர் மலரை உற்று நோக்கினர்; ஆகவே பெயர்கள் பெருகின. ஈரலுருவை அவ்வாறு நோக்கிய தடத்தை நாம் கண்டிலோம். ஆகவே பெயரும் கண்டிலோம். இதில் முன்னோர்க்கு இழுக்கில்லை. உருப்பெருக்கி அவர்கள் கையில் இல்லை. இன்று நம் கையில் உள்ளது. பெரியசாமித் தூரனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த தமிழ்க் கலைக்களஞ்சியமும், 2017-இல் மறைந்த மணவை முஸ்தபா தம் வாழ்நாள் முழுவதும் தொகுத்த அறிவியல் கலைச்சொற்களும், தமிழால் இயலும் என்பதை மெய்ப்பித்தவை. அவ்வழியில் மேலும் நடப்பது மாணவர் கடன். தமிழ்த்துறை மாணவர் ஒருமுறையேனும் தாவரவியல் ஆய்வுக்கூடத்தின் படியேறுதல் வேண்டும்; அங்குள்ள மாணவர் தாம் கண்டதைத் தமிழில் நாலு வரி எழுதிப் பார்த்தல் வேண்டும்.

ஆசிரியராகிய நமக்கும் ஒரு பாடம் உண்டு. தெரியாததைக் கேட்கும்போது ‘அறியேன்’ என்று கூறுவதற்குக் கூச்சம் எதற்கு? அன்று அச்சொல்லைக் கூறியிருந்தால், அம்மாணவரும் நாமும் அன்று மாலையே அந்த ஈரத்தாளைப் பிரித்து உருப்பெருக்கியின்கீழ் வைத்து ஒருசேரக் கண்டிருப்போம். வைரக் கட்டங்களைக் கண்டு இருவரும் வியந்திருப்போம். அவர் பட்டம் பெற்றுச் சென்று ஆண்டுகள் பல ஆயின. இம்மலர் அவர் கைக்கு எட்டுமாயின், காலந்தாழ்ந்த இவ்விடையை ஏற்று நம் பிழை பொறுப்பாராக.